தாமரைப்பாக்கம் முதல் காட்டுப்பள்ளி வரை: ஒரு நிலத்தடிக் குறுக்குவெட்டை மூன்று முறை வரைந்த கதை

கொசஸ்தலை ஆற்றுப் படுகையில், தாமரைப்பாக்கத்திலிருந்து கிழக்கே மீஞ்சூர் வழியாகக் காட்டுப்பள்ளிக் கடற்கரை வரை, முப்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல் நீளும் ஒரு நிலத்தடிக் குறுக்குவெட்டை, அதாவது நிலத்தைச் செங்குத்தாக வெட்டிப் பார்த்தால் அடுக்குகள் எப்படித் தெரியும் என்ற படத்தை, நான் மூன்று முறை வரைந்திருக்கிறேன். முதல் முறை வரைந்ததில், மீஞ்சூருக்குக் கிழக்கே ஒரு களிமண் அடுக்கு எங்கும் அறுபடாமல் கடல் வரை ஓடியது. இரண்டாம் முறை வரைந்தபோது அந்த அடுக்கே காணாமற்போயிற்று. மூன்றாவதில் அதன் இடத்தில் விட்டு விட்டு வரும் ஒரு கோடும் சில கேள்விக்குறிகளும் இருக்கின்றன. மூன்று முறையும் கிணறுகள் ஏறத்தாழ அவையேதான். வரைபடம் வரையும் மென்பொருளும் அதே கியூஜிஐஎஸ்தான். இடையில் என்ன நடந்தது என்பதை எழுதி வைக்கலாம் என்று தோன்றியது. துளைக்கிணற்றுத் தரவிலிருந்து குறுக்குவெட்டு வரைவதற்கான வழிமுறைக் காணொளிகள் ஏராளமாக உள்ளன. ஆனால் எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்பதைக் கற்றுத்தரும் அவை, நான் இடறி விழுந்த இடங்களைப் பற்றிப் பெரும்பாலும் பேசுவதில்லை.

படுகையைப் பற்றி முதலில் சிறிது சொல்லிவிடுகிறேன். சென்னைக்கு வடமேற்கே ஆரணியாறும் கொசஸ்தலை ஆறும் கொண்டுவந்து நிரப்பிய வண்டல் சமவெளி இது. அடியில் மேற்குப் பக்கம் பழைய படிகப் பாறையும், கிழக்கே செல்லச் செல்ல அதன்மேல் கோண்டுவானாக் காலத்துக் களிப்பாறைகளும் மணற்பாறைகளும், எல்லாவற்றுக்கும் மேலே ஆற்று மணலும் களிமண்ணும் மாறி மாறியும் கிடக்கின்றன. பாலாறு ஒரு காலத்தில் இந்த வழியாக ஓடியது என்பது புவியியலாளர்கள் பொதுவாக ஏற்றுக்கொண்ட செய்தி. கொசஸ்தலைக்கே பழைய பாலாறு என்ற பெயரும் உண்டு. அந்தப் புதையுண்ட ஆற்றுத்தடத்தின் பருமணல்தான் இங்குள்ள நல்ல நீர்த்தாங்கி, அதாவது நிலத்தடி நீரைத் தேக்கித் தரும் அடுக்கு. 1960-களில் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடு இந்தப் படுகை ஆராயப்பட்டு, மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் ஆகிய இடங்களில் சென்னைக்கான கிணற்று வயல்கள் அமைந்தன. அளவுக்கு மீறிய இறைப்பினால் மீஞ்சூர்ப் பக்கம் கடல்நீர் நிலத்தடியில் உள்ளே வந்த கதை, நிலத்தடி நீரியல் படிக்கும் மாணவர்களுக்கு இன்று பாடமாகவே ஆகிவிட்டது. ஆகவே இங்கே கடலோரத்தில் ஒரு களிமண் அடுக்கு அறுபடாமல் இருக்கிறதா, இல்லையா என்பது வெறும் படம் வரைவோர் கவலை மட்டுமன்று. அடுக்கு முழுதாக இருந்தால், கீழ் நீர்த்தாங்கிக்கு அது ஒரு மூடி. மேலிருந்து வரும் உப்புநீர் கீழே இறங்காது. ஓட்டை இருந்தால் கணக்கே வேறு.

என் கைக்கு வந்தவை, எந்த ஆழத்தில் என்ன மண் வந்தது என்று குறித்த, பல காலத்துத் துளைப் பதிவுகள். பழையவை அடிக்கணக்கில்; புதியவை மீட்டரில்; சிலவற்றில் எது என்றே எழுதவில்லை. 120 என்று மட்டும் எழுதியிருந்தால் அது 120 மீட்டரா, 36.6 மீட்டரா என்பதைச் சுற்றுப்புறக் கிணறுகளை வைத்துத்தான் ஊகிக்க வேண்டும். வண்டல் சமவெளியில் 120 மீட்டர் வரை மணலே வந்ததாக ஒரு பதிவு சொன்னால், அது பெரும்பாலும் அடிதான். இட அடையாளமும் இப்படித்தான். அட்சரேகை, தீர்க்கரேகையை நிமிடம் வரை மட்டும் குறித்திருந்தால் பிழை ஒன்றே முக்கால் கிலோமீட்டர் வரை போகலாம். விநாடி வரை குறித்திருந்தால் முப்பது மீட்டருக்குள் அடங்கும். பழைய நில அளவைத் தாளிலிருந்து எடுத்த ஆயங்களை (இடத்தைக் குறிக்கும் எண்களை) இன்று ஜிபிஎஸ் பயன்படுத்தும் டபிள்யூஜிஎஸ் 84 அளவைமுறையில் உள்ளவை என்று எண்ணிக்கொண்டு அப்படியே போட்டால், கிணறு நூறு மீட்டருக்கும் மேல் தள்ளிப்போய் ஏரிக்குள் நிற்கும். ஏரிக்குள் நின்றால் நல்லது, கண்ணில் படும். பக்கத்து வயலில் நின்றால் யாருக்கும் தெரியாது.

மண்ணின் பெயர்கள் அடுத்த சிக்கல். ஒரே பொருளை ஒருவர் சவுடு என்கிறார், இன்னொருவர் மணற்களி என்கிறார், மூன்றாமவர் வண்டல் என்று முடித்துக்கொள்கிறார். சுக்கான் கலந்த களியைச் சிலர் சரளை என்றே எழுதியிருக்கிறார்கள். அதை நம்பிக் கூழாங்கல் அடுக்கு வரைந்தால், களிமண் இருக்க வேண்டிய இடத்தில் ஓர் அருமையான நீர்த்தாங்கி முளைத்துவிடும். நான் எழுபதுக்கும் மேற்பட்ட சொற்சேர்க்கைகளைப் பட்டியலிட்டு, அவற்றை ஏழு குறியீடுகளாகச் சுருக்கினேன். மூலச் சொற்களை ஒரு தனி நெடுவரிசையில் அப்படியே வைத்திருந்தேன். அந்த ஒரு முன்னெச்சரிக்கை இல்லாவிட்டால் இந்தப் பதிவுக்கே இடமிருந்திருக்காது. எப்படி என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

அட்டவணைகள் இரண்டு போதும். ஒன்றில் கிணற்றுக்கு ஒரு வரி: எண், கிழக்கு ஆயம், வடக்கு ஆயம், தரைமட்ட உயரம், மொத்த ஆழம். மற்றொன்றில் அடுக்குக்கு ஒரு வரி: கிணற்று எண், எந்த ஆழத்திலிருந்து, எந்த ஆழம் வரை, என்ன குறியீடு. ஓர் அடுக்கின் முடிவும் அடுத்ததன் தொடக்கமும் ஒத்துப்போகின்றனவா, கடைசி அடுக்கு மொத்த ஆழத்தைத் தாண்டுகிறதா என்பதை ஒரு சிறு வினவலால் சரிபார்த்துவிடலாம். இதைச் செய்யாமல் வரையத் தொடங்குபவர்கள் பின்னால் அதே நேரத்தைப் பத்து மடங்காகச் செலவிடுவார்கள். ஆயங்கள் எல்லாம், இடங்களை மீட்டரில் குறிக்கும் யூடிஎம் முறையின் 44 வடக்கு மண்டலத்தில் இருக்கட்டும். பாகைகளில் வைத்துக்கொண்டு நீளம் அளக்கப் புகுவது வீண் தலைவலி.

நான் அதிக நாட்கள் செலவழித்தது தரைமட்ட உயரத்தில்தான். குறுக்குவெட்டில் ஒவ்வொரு அடுக்கின் இடமும் தரைமட்ட உயரத்திலிருந்து ஆழத்தைக் கழித்தே வருகிறது. எனவே தரைமட்டத்தில் ஐந்து மீட்டர் பிழை என்றால், அந்தக் கிணறு முழுவதும் ஐந்து மீட்டர் ஏறியோ இறங்கியோ நிற்கும். மலைப்பகுதியில் இது பெரிய விஷயமில்லை. இங்கே நாம் தேடும் களிமண் அடுக்கின் தடிமனே நான்கைந்து மீட்டர்தான்.

முதல் முறை, எல்லாரையும் போல, இலவசமாகக் கிடைக்கும் எஸ்ஆர்டிஎம் உயரத் தரவை இறக்கி, ஒவ்வொரு கிணற்றுப் புள்ளியிலும் அதன் மதிப்பை எடுத்துப் போட்டுக்கொண்டேன். 2000-ஆம் ஆண்டு பிப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் பதினொரு நாள் சுற்றிவந்து எடுத்த ரேடார் அளவை அது. அதன் உயரங்கள் முழு மீட்டர்களில் வருகின்றன. மீஞ்சூர் போன்ற தட்டை நிலத்தில் தரைக்கோடு படிக்கட்டு போல ஏறி இறங்கும். அதைவிட மோசமானது, இத்தகைய தரவு பார்ப்பது மண்ணைத் தொடும் தரையை அன்று, மேலே இருக்கும் எதையும். பழவேற்காடு, காட்டுப்பள்ளிப் பக்கம் கடலோரமெங்கும் சவுக்குத் தோப்பு. தோப்புக்குள் இருந்த இரண்டு கிணறுகள் என் படத்தில் பக்கத்துக் கிணறுகளைவிட ஆறேழு மீட்டர் உயர்ந்து நின்றன. நானோ அதை ஒரு பழைய மணல் மேடு என்று எண்ணி, அதற்கொரு விளக்கமும் மனத்துக்குள் தயாரித்து வைத்திருந்தேன். நேரில் போய்ப் பார்த்தபோது தரை கைவிரித்த மாதிரி தட்டையாகக் கிடந்தது. பின்னர் வந்த கோப்பர்னிக்கஸ் முப்பது மீட்டர் உயரத் தரவு பல வகையில் மேலானது. ஆனால் அதுவும் மேற்பரப்பு மாதிரியே, மரத்தையும் கட்டடத்தையும் சேர்த்தே அளக்கிறது.

ஜிபிஎஸ் கொண்டு அளந்துவிடலாமே என்பீர்கள். அதிலும் ஒரு பொறி உண்டு. செயற்கைக்கோள் அளவை நேரடியாகத் தருவது ஒரு கற்பனை நீள்வட்டக உருண்டையிலிருந்து உள்ள உயரம். கடல்மட்டத்தின் உண்மையான வடிவம் அந்த உருண்டையோடு ஒத்துப்போவதில்லை. இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் அது நூறு மீட்டருக்கும் மேல் தாழ்ந்து, உலகிலேயே மிக ஆழமான ஈர்ப்புப் பள்ளமாக இருக்கிறது. அந்தப் பள்ளத்தின் சரிவில்தான் சென்னை இருக்கிறது. கடற்கரையில் காலை நனைத்துக்கொண்டு அளந்தாலும், திருத்தாத எண் கடல்மட்டத்துக்குச் சுமார் 90 மீட்டர் கீழே என்றுதான் காட்டும். என் தொகுப்பில் இப்படி ஆறு கிணறுகள் பாதாளத்தில் கிடந்தன. அவை உடனே பிடிபட்டன. திருத்திய கிணறுகளிலும் எந்த ஈர்ப்பு மாதிரியைக் கொண்டு திருத்தினார்கள் என்ற குறிப்பு இல்லாததால் வரும் ஓரிரு மீட்டர் வேறுபாடுதான் பிடிபடாமல் ஒளிந்துகொள்வது. கடைசியில், நில அளவைத் துறை உயரம் அளந்து நட்ட மட்டக்குறிகளிலிருந்து லெவல் எடுத்துக் கட்டிய கண்காணிப்புக் கிணறுகளை அடிப்படையாக வைத்துக்கொண்டு, மற்றவற்றை அவற்றோடு ஒப்பிட்டு ஒவ்வொன்றாகத் திருத்தினேன். எந்தக் கிணற்றின் உயரம் எந்த வழியில் வந்தது என்று ஒரு நெடுவரிசையும் சேர்த்தேன்.

கோடு போடுவது எளிது. கோட்டின் மீது கிணறுகளைக் கொண்டுவந்து நிறுத்துவதில்தான் யோசனை தேவை. எந்தக் கிணறும் நம் வசதிக்காகக் கோட்டின் மேலேயே தோண்டப்படுவதில்லை. வழக்கமாகக் கோட்டைச் சுற்றி ஒரு கிலோமீட்டர் பஃபர் (சுற்றெல்லை) போட்டு, அதற்குள் விழும் கிணறுகளைச் செங்குத்தாகக் கோட்டின் மீது வீழ்த்துவார்கள். கிடையான அடுக்குகளுக்கு இது போதும். புதையுண்ட ஆற்றுத்தடம் கோட்டைச் சாய்வாகக் கடக்கும் இடத்தில், தடத்துக்குள் இருக்கும் கிணறு செங்குத்தாக வீழ்த்தப்பட்டால் தடத்துக்கு வெளியே போய் விழுகிறது. ஒரே தடம் படத்தில் இரண்டாகத் தெரிகிறது. ஆகவே தடத்தின் போக்கை ஒட்டியே அந்தக் கிணறுகளை நகர்த்திக் கோட்டில் சேர்த்தேன். கோட்டிலிருந்து எவ்வளவு தூரத்தில் கிணறு உள்ளது என்பதைப் படத்தில் கிணற்றின் தலையிலேயே எழுதிவிடுவது என் பழக்கம். எண்ணூறு மீட்டர் தள்ளியுள்ள கிணற்றுக்கும் கோட்டின் மீதே உள்ள கிணற்றுக்கும் ஒரே மரியாதை தருவது நியாயமில்லை.

கியூஜிஐஎஸ்ஸில் இதற்கெனத் தனிச் செருகுநிரல்கள், அதாவது சேர்த்துக்கொள்ளும் கூடுதல் கருவிகள், உண்டு. சுவீடனில் உருவான மிட்வாட்டன் நிலத்தடி நீர்த் தரவுக்கென்றே எழுதப்பட்டது, குறுக்குவெட்டும் வரைந்து தரும். 2022 ஜூனில் வந்த 3.26 பதிப்பிலிருந்து உயரப் பக்கத்தோற்றக் கருவியும் மென்பொருளோடு சேர்ந்தே வருகிறது. நான் இன்னும் பழைய வழியில்தான் செய்கிறேன். லைன் லொகேட் பாயிண்ட் என்ற சார்பு, ஒரு புள்ளி கோட்டின் தொடக்கத்திலிருந்து எவ்வளவு தூரத்தில் விழுகிறது என்பதைத் தரும். அதைக் கிடை அச்சாகவும், தரைமட்டத்திலிருந்து ஆழத்தைக் கழித்த எண்ணைச் செங்குத்து மிகைப்பால் (நெடுக்கை மட்டும் பெரிதாக்கிக் காட்டும் மடங்கால்) பெருக்கி நெடு அச்சாகவும் எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு அடுக்கையும் ஒரு சிறு செவ்வகமாக வரையச் சொன்னால், கிணறுகள் எல்லாம் வண்ணக் குச்சிகளாக வரிசையில் நின்றுவிடும். இந்தப் படத்துக்கு உலகத்தில் இடமில்லை என்பதால், திட்டத்தின் ஆய முறைமையை இல்லை என்று அமைத்துவிட வேண்டும். அதே சட்டகத்தில் தரைக்கோடு, நீர்மட்டம், உப்புநீரின் மின்கடத்துதிறன் என எதை வேண்டுமானாலும் சேர்க்கலாம். கோடு வளையும் இடத்தில் மட்டும் கவனம் தேவை: வளைவின் வெளிப்புறத்தில் உள்ள கிணறுகள் எல்லாம் ஒரே முனையில் வந்து குவிந்துவிடும்.

செங்குத்து மிகைப்பைத் தவிர்க்க வழியில்லை. முப்பது கிலோமீட்டர் நீளமும் அறுபது மீட்டர் ஆழமும் உள்ள ஒன்றை உண்மை அளவில் வரைந்தால் அது ஒரு தடித்த பேனாக் கோடு. ஏ3 தாளில் அடங்கக் கிடையளவு 1:1,00,000 என்றும் நெடுக்களவு 1:1000 என்றும் வைத்தேன். மிகைப்பு நூறு மடங்கு. அதன் விளைவைப் பார்ப்பவர்கள் மறந்துவிடுகிறார்கள். உண்மையில் ஒரு பாகை மட்டுமே சாய்ந்த அடுக்கு, நூறு மடங்கில் அறுபது பாகைச் சரிவாகத் தெரியும். ஒரு கூட்டத்தில் என் படத்தைப் பார்த்த ஒரு பொறியாளர், இங்கே பெரிய பிளவு ஒன்று இருக்கிறதே என்று விரலை வைத்தார். அவர் காட்டிய இடத்தில் பாறையின் மேற்பரப்பு இரண்டு கிலோமீட்டரில் பன்னிரண்டு மீட்டர் இறங்குகிறது. சைக்கிளில் போனால்கூடக் கால் உணராத சரிவு. அன்றிலிருந்து, படத்தின் அடியில் மிகைப்பின்றி அதே வெட்டை ஒரு மெல்லிய நாடாவாகவும் வரைந்து வைக்கிறேன்.

இனிக் குச்சிகளை இணைக்கும் வேலை. களிமண்ணின் மேல்மட்டத்தை ஒரு பரப்பாகவும் அடிமட்டத்தை ஒரு பரப்பாகவும் தனித்தனியே இடைக்கணிப்புச் செய்து (கிணறுகளுக்கு இடைப்பட்ட இடங்களின் மதிப்பைக் கணினியால் கணித்து), வெட்டுக்கோட்டில் அவற்றை எடுத்துப் போட்டால் படம் ஐந்து நிமிடத்தில் தயார். நான் முதல் முறை அப்படித்தான் செய்தேன். தனித்தனியே கணித்த இரு பரப்புகளும் சில இடங்களில் ஒன்றையொன்று குறுக்கே கடந்தன. களிமண்ணின் தடிமன் எதிர்மறை எண்ணாயிற்று. அதைத் தவிர்க்க, மேல்மட்டத்தையும் தடிமனையும் கணித்து, அடிமட்டத்தை அவற்றிலிருந்து பெறலாம். ஆனால் அதற்கும் முன்னால் ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும். ஒரு கிணற்றில் களிமண் இல்லை என்று பதிவு சொன்னால், அந்த ஆழம் வரை துளையிட்டும் இல்லையா, அந்த ஆழத்துக்கு முன்பே துளை நின்றுவிட்டதா? முதலாவது பூச்சியம், இரண்டாவது வெற்றிடம். மேலேயே நல்ல மணல் கிடைத்து நிறுத்திவிட்ட கிணறுகள் இந்தப் படுகையில் நிறைய. நான் அவற்றையும் பூச்சியமாக எண்ணியதால், அந்தக் கிணறுகளைச் சுற்றிக் களிமண்ணில் வட்ட வட்டமாகத் துளைகள் விழுந்தன. அந்தத் துளைகள் படத்துக்கு அழகாக இல்லை என்று அவற்றையெல்லாம் நீக்கிவிட்டேன். அப்படி நீக்கியதில் உண்மையான பூச்சியங்களும் சில போய்விட்டன என்பது பின்னர் தெரிந்தது. இப்போது களிமண்ணின் கோடுகளை நான் கையால்தான் இணைக்கிறேன். இடைக்கணித்த பரப்பு பின்னணியில் ஒரு மங்கலான ஆலோசனையாக மட்டும் இருக்கிறது. ஆற்று வண்டலில் களிமண் பெரும்பாலும் வில்லை வில்லையாகவே படியும்; அது வெள்ளம் வடிந்த தாழ்வுகளில் தங்கிய சேறு. அதை முப்பது கிலோமீட்டருக்குப் பாய் போல விரிப்பது கணினிக்கு இயல்பாக வரலாம், ஆற்றுக்கு வராது.

அப்படியானால் மீஞ்சூருக்குக் கிழக்கே, நான்கு கிணறுகளில் ஒரே மட்டத்தில் களிமண் இருந்ததே, அது என்ன? அந்த நான்கில் மூன்று கிணறுகளின் அடுக்குகள் மின்தடைமைப் பதிவைக் கொண்டு, அதாவது மண் மின்னோட்டத்தை எவ்வளவு தடுக்கிறது என்ற அளவைக் கொண்டு, பிரிக்கப்பட்டவை. துளைக்குள் சேற்றுநீரைச் செலுத்தி மேலே திரும்ப வரவைக்கும் சேற்றுச் சுழற்சி முறையில் துளையிடும்போது மண்துகள்கள் மேலே வரத் தாமதமாகும், ஒன்றோடொன்று கலந்தும் வரும். அதனால் துளைக்குள் மின்முனைகளை இறக்கி எடுத்த பதிவை வைத்து எல்லைகளைத் திருத்துவது நல்ல முறைதான். நன்னீர் நிறைந்த மணலின் மின்தடைமை பல பத்து ஓம் மீட்டர்; களிமண்ணுக்கு அதைவிட மிகக் குறைவு. குறைந்த இடத்தைக் களி என்று குறித்துக்கொண்டே போவார்கள். ஆனால் கடல்நீரின் மின்தடைமையே ஏறத்தாழ 0.2 ஓம் மீட்டர்தான். அது நிரம்பிய மணல், பதிவில் களிமண்ணைவிடக் குறைவாகவே காட்டும். கடல்நீர் புகுந்த ஒரு படுகையில், மின்தடைமையை மட்டும் பார்த்து மணலா களியா என்று சொல்ல முடியாது என்பது எனக்குப் பாடமாகத் தெரிந்த விஷயம். மேசையில் உட்கார்ந்து வரையும்போது நினைவுக்கு வரவில்லை.

நினைவுபடுத்தியது, நான் தூக்கி எறியாமல் வைத்திருந்த அந்த மூலச் சொற்கள் நெடுவரிசை. மூன்றில் ஒரு கிணற்றில், களி என்று குறித்த ஆழத்துக்கு நேரே, துளையிட்டவர் பென்சிலால் சேறு குறைவு என்று எழுதியிருந்ததைத் தட்டச்சு செய்தவர் அப்படியே பதிவிட்டிருந்தார். சுழற்சிச் சேறு களிமண்ணுக்குள் காணாமற்போகாது, பருமணலுக்குள்தான் இறங்கும். அந்தப் பகுதியில் நெடுங்காலம் ரிக் வண்டி ஓட்டிய ஒரு முதியவரைத் தேடிப்போய்க் கேட்டேன். அந்தக் குறிப்பிட்ட கிணறு அவருக்கு நினைவில்லை. ஆனால் அந்த ஊர்ப் பக்கம் நூறடிக்கு மேல் போனால், "ராடு கரகரன்னு சத்தம் போடும் சார், களியில அப்படிப் போடாது, பேசாம இறங்கும்" என்றார். பிறகு அருகில் புதிதாகத் துளைத்த ஒரு கண்காணிப்புக் கிணற்றின் காமா கதிர்ப் பதிவு கிடைத்தது. களிமண்ணில் பொட்டாசியமும் தோரியமும் கூடுதலாகத் தங்குவதால் காமா உயரும், மணலில் தாழும். தண்ணீர் உப்பா நன்னீரா என்பது அதற்குப் பொருட்டில்லை. என் களிமண் இருக்க வேண்டிய ஆழத்தில் காமா தாழ்ந்தே இருந்தது. நான் மூடி என்று வரைந்து வைத்திருந்தது, கடல்நீர் நிரம்பிய மணல்.

இரண்டாம் முறை கோபத்தில் அடுக்கை முழுவதுமே அழித்துவிட்டேன்; அதுவும் தவறு. நான்காவது கிணறு மின்தடைமையை நம்பாமல், உட்கரு எடுத்து, அதாவது மண்ணை உருளையாக அப்படியே வெட்டி எடுத்துப் பார்த்த கிணறு. அதில் மூன்றரை மீட்டர் கருங்களி சிப்பி ஓடுகளோடு வந்திருக்கிறது. ஆகவே அந்தக் கிணற்றைச் சுற்றி ஒரு வில்லை உண்டு. அது எங்கே முடிகிறது என்பதற்குத் தரவு இல்லை. மூன்றாவது படத்தில் அங்கே இருபுறமும் கோடு விட்டு விட்டுப் போய்க் கேள்விக்குறியில் நிற்கிறது. அதற்குக் கிழக்கே கடற்கரை வரை ஏறத்தாழ நான்கு கிலோமீட்டருக்கு ஆழமான கிணறே இல்லை. அந்தப் பகுதியை வண்ணம் தீட்டாமல் வெள்ளையாகவே விட்டிருக்கிறேன். அறிக்கையைக் கேட்டு வாங்கிய அலுவலகத்திலிருந்து இருமுறை தொலைபேசியில் அழைத்து, அச்சில் ஏதோ விடுபட்டிருக்கிறது, முழுப் படத்தை அனுப்புங்கள் என்றார்கள். படம் முழுதுதான் என்று பதில் எழுதி, அந்த வெள்ளை இடத்தில் ஒரே ஒரு துளைக்கும் காமா பதிவுக்கும் ஆகும் செலவு மதிப்பீட்டையும் இணைத்து அனுப்பியிருக்கிறேன்.